இரண்டாவது பை

என் இரத்தம் வேறு யாருடைய இரத்தத்தோடும் சேராது என்று டாக்டர் சொன்னபோது என் கணவர், "அது எனக்கு முப்பது வருசமாத் தெரியும் டாக்டர்" என்றார். டாக்டர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. பயம் வந்தால் அவர் வாயில் இப்படி ஏதாவது வந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். அதனால் அந்த இடத்தில் விட்டுவிட்டேன். வெளியே வந்த பிறகு விடவில்லை.

எங்களுக்குத் தேவாரத்தில் மோட்டார் சாமான் கடை. பம்புசெட், ஸ்டார்ட்டர், கெப்பாசிட்டர், ஃபுட் வால்வு, பேரிங் என்று கிணற்றுக்குள்ளும் ஆழ்துளைப் போருக்குள்ளும் இறங்குகிற எல்லாம் கிடைக்கும். தோட்டத்துக்குப் போய் மோட்டாரை மாட்டிக் கொடுப்பது அவர் வேலை. கடையில் நின்று விற்பது என் வேலை. 'நின்று' என்று சொன்னேன். அந்தச் சமயத்தில் இரண்டு வருடமாக நான் நிற்கவில்லை. வலது இடுப்பு மூட்டு தேய்ந்துபோய், நாற்காலியில் உட்கார்ந்தபடி 'மூணாவது தட்டுல பாருங்க, அதுக்கும் பின்னாடி, நீலப் பெட்டி' என்று வந்தவர்களையே ஏறி எடுக்கச் சொல்லி வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. என் கடையில் என் கைக்கு எதுவும் எட்டவில்லை என்பதுதான் வலியைவிட எனக்குப் பெரிய எரிச்சல்.

மூட்டை மாற்றிவிடலாம் என்றார் தேனியில் நாங்கள் பார்த்த டாக்டர். நல்லவர், அளந்து பேசுகிறவர். ஆனால் ஆபரேஷனுக்கு முன் இரத்தம் எடுத்துச் சோதித்ததில்தான் சிக்கல் வந்தது. என் இரண்டாவது பிரசவத்தின்போது நான்கு பை இரத்தம் ஏற்றினார்கள். அன்றைக்கு என்னைப் பிழைக்க வைத்தது அதுதான். ஆனால் என் உடம்பு அந்த நன்றியை நினைக்கவில்லை. வெளி இரத்தம் இனி உள்ளே வந்தால் விடுவதில்லை என்று அதற்கு எதிர்ப்பை வளர்த்து வைத்துக்கொண்டது. என் பிரிவைச் சேர்ந்த பைகளாகத்தான் எடுத்துப் பார்த்தார்கள். என் சாம்பிளோடு கலந்ததும் ஒவ்வொன்றும் பால் திரிவதைப் போலத் திரிந்துவிட்டது.

"உங்களுக்குப் பொருந்துற ஆள் நீங்க மட்டும்தான்" என்றார் டாக்டர். "உங்க ரத்தத்தையே முன்கூட்டி எடுத்துச் சேத்து வைப்போம். ரெண்டு பை. ஆபரேஷன்ல போற ரத்தத்துக்குப் பதிலா அதையே திருப்பி ஏத்துவோம்."

அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. எடுக்கிற அன்றைக்கு ஹீமோகுளோபின் பதினொன்று இருக்க வேண்டும். எனக்கு ஒன்பது புள்ளி இரண்டு. இரும்புச்சத்தை ஊசியாகப் போட்டால் சீக்கிரம் ஏறும் என்றார்கள். முன்பு ஒருமுறை அந்த ஊசியைப் போட்டு உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டியவள் நான். எனவே மாத்திரைதான், மெதுவாகத்தான்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் கணவர் ஆரம்பித்தார். "ஆபரேஷன்னா ரத்தம் போகும்னுதான் பயந்துக்கிட்டு இருக்கோம். அதுக்கு முன்னாடியே ரெண்டு பை எடுத்துட்டா உள்ள என்ன மிச்சம் இருக்கும்? யாராச்சும் செய்யிற காரியமா இது?"

"எடுத்தா ஊறாதா? கிணறு என்ன வத்தியா போகுது?"

"கிணறு வத்துறத நீ பாத்ததே இல்லையா?"

மோட்டார்க்காரரிடம் கிணற்றைப் பற்றிப் பேசியது என் தப்பு. ஆனால் அவர் பயத்துக்கு வேறு காரணம் இருந்தது. அவருடைய தம்பி ஒரு சின்ன ஆபரேஷன் என்று சொல்லி உள்ளே போனவர் வெளியே வரவில்லை. அன்றைக்குத் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்தவர் இவர்தான். அந்த வாசலைப் பற்றி இவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கு அது புரியும். புரிந்தாலும் நாற்காலியிலேயே கிடந்து சாக எனக்கு இஷ்டமில்லை. செய்தே தீருவேன் என்று பஸ்ஸில் ஏறும்போதே முடிவு செய்துவிட்டேன். ஏறவும் முடியவில்லை. கைப்பிடித்து அவர்தான் ஏற்றிவிட்டார்.

ஒரு மாதம் ஒரு வேளை தவறாமல் மாத்திரை போட்டேன். முருங்கைக்கீரை, ஆட்டு ஈரல், சுவரொட்டி என்று எங்கள் பக்கம் சொல்கிற ஆட்டு மண்ணீரல், எதையும் விடவில்லை. மாதம் முடிந்து போய்ப் பார்த்தால் ஒன்பது புள்ளி நான்கு.

இரத்த வங்கியில் இருந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். லோயர் கேம்ப்காரி. ஊர் கேரள எல்லையோரம், அம்மா குமுளிப் பக்கம் என்பதால் பரவாயில்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் மலையாளத்தில் 'சாரமில்ல' என்பாள். அன்றைக்கு அவள் சாரமில்ல என்று சொல்லவில்லை. காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மாத்திரைய எதோட போடுறீகக்கா?"

"டீயோட."

பேனாவைக் கீழே வைத்தாள். "ஒரு நாளைக்கு எத்தன டீ குடிப்பீக?"

விரல்விட்டு எண்ணினேன். இரண்டாவது கைக்குப் போனதும், "போதும், விடுங்க" என்றாள். "டீ இருக்குற வயித்துல இரும்புச்சத்து ஒட்டவே ஒட்டாதுக்கா. நீங்க தின்ன சுவரொட்டி எல்லாம் டீத்தண்ணியில போச்சு. மாத்திரைய எலுமிச்சம்பழச் சாறோட போடுங்க. டீயத் தொடாதீக."

ஒரு மாதம். நான் அவளைக் கோபித்துக்கொள்ளவா என்னையே கோபித்துக்கொள்ளவா என்று தெரியாமல் கணவரைக் கோபித்துக்கொண்டேன்.

டீயை விடுவது பெரிய காரியமா என்று கேட்பீர்கள். எங்கள் கடைவீதியில் பெரிய காரியம்தான். விலை படிந்ததும் எதிர்க்கடையிலிருந்து இரண்டு டீ வர வேண்டும். வாங்குகிறவரும் விற்கிறவரும் சேர்ந்து குடித்தால்தான் வியாபாரம் முடிந்தது. வாங்க வந்தவர் டீயைத் தொடாமல் எழுந்தால் விலை பிடிக்கவில்லை என்று அர்த்தம். விற்கிறவர் தொடாமல் இருந்தால் அதைவிட மோசம். மனசில்லாமல் கொடுக்கிறார், அந்தச் சாமான் விளங்காது என்பார்கள். ஒரு ஃபுட் வால்வுக்கும் டீ, ஒரு மோட்டாருக்கும் டீ. அப்படித்தான் இரண்டு கை விரல்களும் எனக்குப் போதாமல் போயின.

முதல் அடி கோம்பைக்காரரிடம் விழுந்தது. அவருக்கு அங்கே தென்னந்தோப்பு. என் மாமனார் இருந்த காலத்திலிருந்தே எங்களிடம் வாங்குகிறவர். பேசாத பேச்செல்லாம் பேசி, ஐந்து குதிரைச்சக்தி மோட்டார் ஒன்றுக்கு விலை முடித்தார். டீ வந்தது. அவர் பாதி குடித்துவிட்டு என் கிளாஸைப் பார்த்தார்.

"நீ குடிக்கலையா தாயி?"

"வேணாம்ணே. வயிறு சரியில்ல."

"வெலையக் கொறச்சுப்புட்டேன்னு வருத்தமோ?"

"அதெல்லாம் இல்லண்ணே."

"அப்பக் குடி."

"வேணாம்னு சொல்றேன்ல?"

என் குரல் கொஞ்சம் ஏறித்தான் போனது. அவர் மீதி டீயைக் கீழே வைத்தார். "மோட்டாரு இங்கனயே இருக்கட்டும்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இராத்திரிச் சோறு தின்னும்போது கணவர், "ஒரு வாய் குடிச்சாத்தான் என்ன?" என்றார்.

"ஒரு வாய் ஒரு வாயாக் குடிச்சுத்தான் ஒம்பது புள்ளி நாலுல நிக்குது."

அப்போதே நான் ஒன்று முடிவு செய்தேன். வயிறு சரியில்லை என்று பொய் சொன்னதால்தான் இந்த வினை. இனிமேல் உள்ளதைச் சொல்லிவிடுவது. கேட்கிறவர்கள் கேட்கட்டும், போகிறவர்கள் போகட்டும்.

மூன்றாம் நாள் கோம்பைக்காரர் திரும்பி வந்தார். போடி வரைக்கும் போய்ப் பார்த்திருக்கிறார். அவர் கேட்ட கம்பெனி மோட்டார் அங்கே இல்லை. தோப்பு காய்கிறது. என்னைப் பார்க்காமல் மோட்டாரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், பக்கத்துக் கடைக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன்.

"ஒன் ரத்தத்த ஒனக்கே குடுக்கப் போறியா?"

"ஆமாண்ணே."

"அதுக்கு டீ ஆகாதா?"

"ஆகாது. சத்த ஒட்டவிடாதாம்."

"டீயில என்னாத்தா இருக்கு? ரெண்டு பேரும் ஒண்ணாச் சேந்து குடிக்கணும், அம்புட்டுத்தான?" என்றவர், என் மேசைக்கடியில் இருந்த தூக்குவாளியைக் காட்டினார். "அதுல என்ன?"

எலுமிச்சம்பழச் சாறு. உப்பும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. நாளெல்லாம் குடிப்பதற்குச் சர்க்கரை போட்டால் அது வேறு வியாதியைக் கொண்டுவரும். அவருக்கு ஒரு கிளாஸ் ஊற்றினேன், எனக்கு ஒன்று. அவர் ஒரே மடக்காகக் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"இதுக்கு அந்த மோட்டார முழுங்கியிருக்கலாம்" என்றார்.

வண்டியில் மோட்டாரை ஏற்றிக்கொண்டு போனார். அவர் போன இடமெல்லாம் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. அதற்குப் பிறகு வந்தவர்கள் விலை முடிந்ததும், "டீ வேணாம்க்கா, ஒங்க தண்ணியவே ஊத்துங்க" என்று தாங்களாகவே கேட்டார்கள். டீக்கடைக்காரர் மட்டும் என்னோடு கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஏழு வாரத்தில் பதினொன்று புள்ளி மூன்றுக்கு வந்தேன். அன்றைக்கே முதல் பை எடுத்தார்கள். படுத்துக்கொண்டு கையிலிருந்து குழாய் வழியாகச் சிவப்பாக இறங்குவதைப் பார்த்தபோது எனக்குப் பயமாக இல்லை. பெருமையாக இருந்தது. பையின் மேல் ஒட்டிய சீட்டில் என் பெயருக்குக் கீழே நானே கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன். பக்கத்தில் ஒரு தேதியும் இருந்தது. எடுத்த நாளிலிருந்து முப்பத்தைந்தாம் நாள். அதற்கு மேல் அந்தப் பை செல்லாது என்று லோயர் கேம்ப்காரி சொன்னாள். டாக்டர் முப்பத்துமூன்றாம் நாள் ஆபரேஷன் என்று குறித்தார். இரண்டாவது பையை அதற்கு மூன்று நாள் முன்பாவது எடுத்தாக வேண்டும்.

ஒரு வாரம் கழித்துப் போனால் பத்து புள்ளி ஒன்று. எடுத்ததில் இறங்கிவிட்டது. அது இறங்கும் என்று சொல்லித்தான் இருந்தார்கள். அடுத்த வாரம் பத்து புள்ளி நான்கு. அதற்கடுத்த வாரம் பத்து புள்ளி ஏழு. தேவாரத்திலிருந்து தேனிக்குப் பஸ்ஸில் ஒவ்வொரு முறையும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போய், விரலில் ஒரு குத்து வாங்கிக்கொண்டு, அந்த எண்ணைக் கேட்டுவிட்டுத் திரும்புவேன். படிக்கிற காலத்தில்கூட மார்க்குக்கு நான் இப்படிக் காத்திருந்ததில்லை. இருபத்தெட்டாம் நாள் பத்து புள்ளி எட்டு.

அன்றைக்கு டாக்டர் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "ஒரு பையோடயே செய்யலாமான்னு நீங்க முடிவு பண்ணுங்க. பெரும்பாலும் ஒண்ணே போதும். ஆனா நான் உறுதி சொல்ல மாட்டேன். முப்பத்தஞ்சு நாளைத் தாண்டினா முதல் பையும் போயிரும். மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்."

கணவர் முந்திக்கொண்டார். "ஒண்ணு போதும் டாக்டர். இவளப் பாருங்க, முகமே வெளுத்துப் போச்சு. இன்னொண்ணு எடுத்தா தாங்க மாட்டா."

"பெரும்பாலும் ஓடும்னு சொல்லி நீங்க ஒரு மோட்டார வித்திருக்கீகளா?" என்று கேட்டேன்.

"மோட்டாரும் நீயும் ஒண்ணா?"

"மோட்டார் காந்துனா வேற மாத்திக்கலாம். அதான் கேக்குறேன்."

டாக்டர் பொறுமையாக எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரிடம் திரும்பி, முப்பதாம் நாள் காலையில் இன்னொரு தடவை பார்க்கலாமா என்று கேட்டேன். அது கடைசி நாள். பார்க்கலாம் என்றார். அன்றைக்கும் பதினொன்று வரவில்லையென்றால் ஆபரேஷனைத் தள்ளிவைத்து, முதல் பை வீணானாலும் சரி, மறுபடி ஆரம்பிக்கிறேன் என்றேன். எலுமிச்சம்பழத்தை நினைத்தாலே எனக்குப் பல் கூச ஆரம்பித்திருந்தது.

திரும்பி வரும் வழியில் பஸ் போடியைத் தாண்டியது. பிறகு அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "ஒனக்குப் பிடிவாதம்" என்றார். ஆமாம் என்றேன்.

முப்பதாம் நாள் காலை லோயர் கேம்ப்காரி இரத்தத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வெளியே வர நேரமானது. வந்தவள் இன்னொரு விரலில் குத்தி மறுபடி எடுத்துக்கொண்டு போனாள். குறைவாக வந்திருக்கும், அனுதாபத்தில் இன்னொரு முறை பார்க்கிறாள் என்றே நினைத்தேன். திரும்பி வந்து என் முன்னால் நின்றாள்.

"பதினொன்னு. ரெண்டு தடவையும் சரியா பதினொன்னு. கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. படுங்கக்கா."

நான் படுத்தேன். பை நிறைவதற்குள் ஒருமுறை குளிர்ந்து நடுங்கிவிட்டது. காலைத் தூக்கிவைத்து, போர்த்திவிட்டு, கையைத் தேய்த்துவிட்டாள். கணவர் கதவோரம் நின்றார். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. இரண்டாவது சீட்டிலும் நான் கையெழுத்துப் போட்டேன். அது கோணலாகத்தான் வந்தது.

ஆபரேஷன் முப்பத்துமூன்றாம் நாள் நடந்தது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்திருந்தார்கள். பாதி விழிப்பும் பாதி மயக்கமுமாக இருந்தேன். ஒரு கட்டத்தில் தலைக்கு மேல் ஒரு பை தொங்குவது தெரிந்தது. அதில் யாருடைய கையெழுத்து என்று பார்க்கக் கண்ணை இடுக்கிக்கொண்டேன். என்னுடையதுதான். நேராக இருந்தது, முதல் பை. அதற்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கிவிட்டேன்.

இரண்டாவது பை தேவைப்படவில்லை.

ஐந்தாம் நாள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடக்க ஆரம்பித்திருந்தேன். புது மூட்டு எனக்குச் சொன்னபடி கேட்டது. வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். போவதற்கு முன் லோயர் கேம்ப்காரி ஒரு காகிதத்தோடு வந்தாள். மிச்சமான பையை அழித்துவிட நான் சம்மதம் தர வேண்டும். வேறு யாருக்காவது கொடுத்துவிடு என்றேன். தங்களுக்காகத் தாங்களே கொடுத்ததை இன்னொருவருக்குப் போட விதியில்லை என்றாள். அவளுக்கே அதைச் சொல்லப் பிடிக்கவில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வலியில் அழாதவள், பயத்தில் அழாதவள், ஒரு பைக்காக அத்தனை பேர் முன்னால் அழுதேன். பத்து புள்ளி ஏழும் பத்து புள்ளி எட்டும் அந்தப் புளிப்பும் நடுக்கமும் குப்பைக்குப் போகின்றனவா? கணவர் அன்றைக்கே ஒன்று போதும் என்றார். ஒன்றுதான் போதுமாக இருந்தது. இனி ஆயுளுக்கும் இதைச் சொல்லிக்காட்டுவாரே என்று அழுகையிலும் நினைத்துக்கொண்டேன்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் பையைப் பார்க்க வேண்டும் என்றேன். நடந்தே வருகிறேன் என்றேன். வராந்தா முழுவதையும் கடந்து, என் இரண்டு காலில், நின்று நின்று இரத்த வங்கி வரைக்கும் போனேன். அவள் குளிர்ப்பெட்டியைத் திறந்து பையை எடுத்தாள். என் கை வாக்கரில் இருந்தது. அதனால் கணவர் அதை வாங்கிக்கொண்டார்.

இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி வைத்துக்கொண்டார். சில்லென்று இருந்திருக்கும், கையை எடுக்கவில்லை. கோணல் கையெழுத்தை வெகுநேரம் பார்த்தார். 'ஒன்று போதும் என்றேனே' என்று ஒருமுறை சொல்லி முடித்துவிடட்டும் என்று காத்திருந்தேன்.

"ஆபரேஷன் அன்னைக்கு ஒன்ன உள்ள கொண்டு போனாக" என்றார். "வாசல்ல உக்காந்தேன். அதே மாதிரி ஒரு பெஞ்சு. ஒரு மணி நேரத்துல நர்ஸம்மா ஓடிவந்து பை வேணும்னாக. ஒண்ணக் கொண்டு போனாக. எனக்குக் கை கால் ஓடல. எந்திரிச்சு இந்தப் பிள்ளகிட்ட வந்தேன். இன்னொன்னு இருக்கான்னு கேட்டேன். இருக்குன்னு இந்தப் பெட்டியத் தெறந்து காட்டுச்சு. மறுபடி போய் உக்காந்தேன். மறுபடி வந்து கேட்டேன்."

"நாலு தடவ வந்தாக" என்றாள் லோயர் கேம்ப்காரி.

"என் தம்பிக்கு அன்னைக்கு இன்னொன்னு இல்ல" என்றார் அவர்.

முப்பது வருடத்தில் அந்த வாசலைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அதுதான் முதல்முறை. பையை அவள் கையில் மெதுவாகக் கொடுத்தார். நான் காகிதத்தை வாங்கி, வாக்கரின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். திரும்பி நடக்கும்போது அவர் எனக்கு ஒரு கை கொடுத்தார். எனக்கு அது தேவைப்படவில்லை, ஆனாலும் பிடித்துக்கொண்டேன்.